பாறையிலுள்ள பொக்கிஷமும் பிரஜைகளின் பங்கும்

தாமிரமும் துத்தநாகமும் பாத்திரக் கடைக்காரர்களுக்கும் கன்னார்களுக்கும் மட்டுமே அக்கறையுள்ள சரக்குகளாயிருந்த காலம் போய்விட்டது. இன்று அவை ராஜாங்கங்களின் மந்திராலோசனையில் இடம்பெறுகின்றன. மின்சாரம் செல்லுமிடமெல்லாம் தாமிரம் செல்லவேண்டியிருக்கிறது. இரும்பு நிற்குமிடமெல்லாம் அதைத் துருவினின்றும் காக்கத் துத்தநாகப் பூச்சு வேண்டியிருக்கிறது. கனடா 2021-ல் வெளியிட்ட அத்தியாவசியத் தாதுப்பொருள்களின் ஜாபிதாவில் இவ்விரண்டும் சேர்க்கப்பட்டன. இந்திய சர்க்கார் 2023-ல் வெளியிட்ட 30 பொருள்களடங்கிய ஜாபிதாவில் தாமிரம் இருக்கிறது. ஐக்கிய அமெரிக்காவோ 2025 ஆகஸ்டு 1 முதல் தாமிரக் குழாய், கம்பி, தகடு முதலியவற்றின்மீது நூற்றுக்கு 50 வீதம் சுங்கவரி விதித்தது.

நமது தேசத்திலும் இவ்விஷயத்தில் வேகம் பிறந்திருக்கிறது. பூமியின் ஆழத்தில் மறைந்துகிடக்கும் தாமிரம், துத்தநாகம், ஈயம், தங்கம் முதலியவற்றைத் தேடுவதற்குத் தனியார் கம்பெனிகளுக்குப் புதுவகை லைசென்ஸ் வழங்க 2023-ல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜனவரியில் ரூ. 16,300 கோடித் திட்டமொன்றை மந்திரி சபை அங்கீகரித்தது. தாது எங்கே கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விகள் எங்கும் எழுப்பப்படுகின்றன. கிடைத்ததில் பிரஜைகளின் பங்கு என்ன, எடுத்துத் தீர்ந்தபின் அவர்கள் கையில் என்ன மிஞ்சும் என்ற கேள்விகளை எழுப்புவோர் மிகச் சிலரே. இக்கேள்விகளுக்கு விடைதேட விரும்புவோர் கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில் டிம்மின்ஸ் நகரத்துக்கு வடக்கேயுள்ள கிட் சுரங்கத்தின் சரித்திரத்தைப் படிக்கவேண்டும். எரிமலைப் பாறைகளில் அமைந்த தாமிர-துத்தநாகத் தாதுக்களில் உலகத்தின் மிகப் பெரியவற்றுள் அது ஒன்று. அதற்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரலாம்.

தாது உண்டான விதம்

முதலில் தாதுவின் பிறப்பை அறிந்துகொள்வது நலம். இன்று ஊசியிலைக் காடும் சதுப்பு நிலமுமாயிருக்கிற அந்தப் பிரதேசம், சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழ்கடலாக இருந்தது. கடலின் அடித்தரையில் எரிமலைகள் குமுறிக்கொண்டிருந்தன. தரையிலுள்ள வெடிப்புகளின் வழியே கடல்நீர் உள்ளே இறங்கிற்று. கீழே உருகிய பாறைக்குழம்பின் சூட்டினால் கொதித்த அந்நீர், தான் ஊடுருவிச் சென்ற பாறைகளிலிருந்த தாமிரத்தையும் துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு மீண்டும் மேலே பீறிட்டது. குளிர்ந்த கடல்நீரோடு கலந்தவுடனே உலோகங்கள் கந்தகத்தோடு கூடித் திப்பியாகப் படிந்தன. மிகுந்த உஷ்ணமுள்ள நடுப்பாகத்தில் தாமிரமும், சற்றே ஆறிய மேற்புறத்திலும் ஓரங்களிலும் துத்தநாகமும் தங்கின. அதனாலேயே இவ்வகைச் சுரங்கங்களில் அடியில் தாமிரமும் மேலே துத்தநாகமும் மிகுந்திருப்பதைக் காண்கிறோம்.

இது வெறும் ஊகமன்று. பசிபிக் மகா சமுத்திரத்தின் கிழக்குப் பாகத்தில் 1979-ல் ஆழ்கடலில் மூழ்கிச் சென்ற விஞ்ஞானிகள், கரும்புகை கக்குவதுபோல் உலோகக் குழம்பைக் கக்கும் ஊற்றுக்களைக் கண்ணால் கண்டனர். அவ்வூற்றுக்களின் உஷ்ணம் சுமார் 350 டிகிரி. இன்று அங்கே நடப்பதே அன்று கனடாவில் நடந்தது. பின்னர் அந்தக் கடல் மறைந்தது, எரிமலைகள் அவிந்தன, பாறைகள் மடிந்து, நெரிந்து, செங்குத்தாக நிமிர்ந்து, பச்சை நிறங்கொண்ட கடும்பாறைகளாயின. கிட் சுரங்கத்தில் சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்தில் பாறைப் பிளவுகளிலிருந்து கசிந்த நீரைப் பரிசோதித்த டொரான்டோ சர்வகலாசாலையார், அது சுமார் 200 கோடி ஆண்டுகளாக வெளியுலகத்தைக் காணாமல் அடைபட்டிருந்த நீரென்று 2016-ல் தெரிவித்தனர்.

இத்தகைய பழமைவாய்ந்த படிவத்தில் 13 கோடி டன்னுக்கு மேற்பட்ட தாது இருந்தது. அதில் நூற்றுக்கு 2 வீதத்துக்கு மேல் தாமிரமும், சுமார் 6 வீதம் துத்தநாகமும், கூடவே ஏராளமான வெள்ளியும் அடங்கியிருந்தன. 1966-ல் வெட்ட ஆரம்பித்தார்கள். முதலில் திறந்த பள்ளமாக வெட்டி, பிறகு கிணறுகளை இறக்கி, உலகத்திலேயே மிக ஆழமான தாமிர-துத்தநாகச் சுரங்கமென்று பெயர்பெறும் அளவுக்குத் தோண்டிவிட்டார்கள். 270 கோடி ஆண்டுப் பழமையுள்ள பொருள் ஒரு மனிதனின் ஆயுட்காலத்துக்குள் பெரும்பாலும் எடுத்துத் தீர்க்கப்பட்டுவிட்டது. பயிர் செய்த நிலம் அடுத்த ஆண்டும் விளையும். சுரங்கத்துக்கு அறுவடை ஒன்றுதான். நாம் மேலே சொல்லப்போகும் யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கண்டுபிடித்தவர்களும் கையெழுத்திட்டவர்களும்

இந்தத் தாதுவைக் கண்டுபிடித்தது ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த டெக்ஸாஸ் கல்ப் ஸல்பர் கம்பெனி. ஆகாய விமானத்திலிருந்து மின்காந்தக் கருவிகளைக்கொண்டு 1959 முதல் அப்பிரதேசத்தைச் சோதித்துவந்த அக்கம்பெனியார், 1963 நவம்பரில் முதல் துளையை இட்டனர். 655 அடி ஆழமுள்ள அத்துளையில் ஏறக்குறைய 600 அடி தூரத்துக்குத் தாமிரமும் துத்தநாகமும் கண்டன. உடனே துளையிடுவதை நிறுத்தி, அடையாளங்களை மறைத்து, சுற்றிலுமுள்ள நிலத்தையெல்லாம் சப்தமின்றி வாங்கினர். அந்த மாதத்தில் சுமார் 17 டாலருக்கு விற்ற கம்பெனியின் பங்கு, செய்தி வெளியான பிறகு 1964 மே மாதத்தில் 58 டாலருக்கு ஏறிற்று. நடுவிலுள்ள மாதங்களில் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் சிலர் தாங்கள் அறிந்த ரகசியத்தைக்கொண்டு பங்குகளை வாங்கி லாபமடைந்தனர். இது சட்டவிரோதமென்று அமெரிக்க அப்பீல் கோர்ட்டு 1968-ல் தீர்ப்பளித்தது. கம்பெனிக்குள்ளிருப்போர் ரகசியச் செய்தியைக்கொண்டு பங்கு வியாபாரம் செய்வதைப்பற்றி இன்று உலகெங்கும் மேற்கோளாகக் காட்டப்படும் வழக்கு அதுவே.

பங்கு வாங்கியோர் ஏமாற்றப்பட்டதற்கு நீதிமன்றம் பரிகாரம் தேடிற்று. அந்நிலத்தின் பூர்வ குடிகளுக்கு ஏற்பட்ட இழப்பைப்பற்றி அந்த வழக்கில் எவரும் வாய்திறக்கவில்லை. டிம்மின்ஸ் வட்டாரம் 1905, 1906-ல் செய்யப்பட்ட ஒன்பதாம் உடன்படிக்கைக்கு உட்பட்டது. க்ரீ, ஒஜிப்வே ஜாதியாருடன் கனடா சர்க்காரும் ஒன்டாரியோ சர்க்காரும் சேர்ந்து செய்த அவ்வுடன்படிக்கையின்படி, கையெழுத்தானபோது தலைக்கு 8 டாலரும், பின்பு வருஷத்துக்குத் தலைக்கு 4 டாலரும் அவர்களுக்குக் கிடைக்கவேண்டியது. அந்த 4 டாலர் ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் 4 டாலராகவே இருக்கிறது. அவர்களுடைய காட்டின் கீழே பல நூறு கோடி டாலர் பெறுமானமுள்ள உலோகம் இருந்ததென்பது, உடன்படிக்கை செய்த அதிகாரிகளுக்குத் தெரியாதிருந்திருக்கலாம். தெரிந்த பிறகேனும் கணக்கு திருத்தப்பட்டிருக்கவேண்டாமா?

கைமாறிய உடைமை

இனி உடைமை கைமாறிய கதை. தங்கள் தேசத்தின் சுரங்கங்களும் தொழிற்சாலைகளும் அமெரிக்கர் வசமாவதைக் கண்டு கனடா மக்களிடையே 1960-களில் கவலை பிறந்தது. அதன் பயனாக 1971-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்து, கனடா அபிவிருத்திக் கார்ப்பொரேஷன் என்ற பொது ஸ்தாபனத்தை ஏற்படுத்திற்று. அது 1973-ல் டெக்ஸாஸ் கல்ப் கம்பெனியின் பங்குகளில் சுமார் 30 வீதத்தை வாங்கிற்று. கம்பெனியின் நிர்வாகிகள் அதைத் தடுக்க டெக்ஸாஸில் கோர்ட்டுக்குச் சென்றும் பலிக்கவில்லை. 1981-ல் பிரெஞ்சு நாட்டு எல்ப் கம்பெனி டெக்ஸாஸ் கல்பை வாங்கியபோது, அதன் கனடாச் சொத்துக்கள், கிட் சுரங்கம் உட்பட, மேற்படி கார்ப்பொரேஷனைச் சேர்ந்தன. வழக்காலும் வணிகத்தாலும் முயன்று ஒரு தேசம் தன் மண்ணிலிருந்த பொக்கிஷத்தைத் தன்வசமாக்கிக்கொண்ட அரிய உதாரணம் இது.

அந்தக் காலத்தில் வேறொரு நன்மையும் நேர்ந்தது. தாதுவை அப்படியே அயல்நாட்டுக்கு அனுப்பாமல், கனடாவுக்குள்ளேயே உருக்கிச் சுத்தி செய்யவேண்டுமென்று ஒன்டாரியோவின் சுரங்கச் சட்டம் விதித்திருக்கிறது. இதற்கிசைய டிம்மின்ஸுக்கு அருகே 1972-ல் துத்தநாகச் சுத்திகரிப்பு ஆலையும், 1981-ல் தாமிரம் உருக்கும் ஆலையும் நிறுவப்பட்டன. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை ரசாயன நிபுணனாகவும் யந்திர நிபுணனாகவும் சொந்த ஊரிலேயே வேலைசெய்ய முடிந்தது. வெட்டியெடுப்பது மட்டுமே தெரிந்த ஊர், செய்துமுடிக்கவும் கற்றுக்கொண்டது.

ஆனால் பொது உடைமையின் ஆயுள் மிகக் குறுகியதாயிருந்தது. 1980-களில் எங்கும் வீசிய தனியார்மயக் காற்று கனடாவிலும் வீசிற்று. 1986-ல் கிட் சுரங்கம் பால்கன்பிரிட்ஜ் என்ற தனியார் கம்பெனிக்கு விற்கப்பட்டது. அதுவும் கனடாக் கம்பெனியே என்று அன்று சமாதானம் கூறினர். 2006-ல் பால்கன்பிரிட்ஜை ஸ்விட்சர்லாந்திலுள்ள எக்ஸ்ட்ராடா வாங்கிற்று. 2013-ல் எக்ஸ்ட்ராடாவை அதே தேசத்துக் கிளென்கோர் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் சட்டப்படி விலை கொடுக்கப்பட்டது. சட்டப்படி அனுமதி அளிக்கப்பட்டது. டிம்மின்ஸின் தலைவிதியைத் தீர்மானிக்கும் மேஜை மட்டும் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அதன் பலன் வெகு சீக்கிரத்தில் தெரிந்தது. மின்சாரக் கட்டணம் அதிகம், உலகத்தில் உருக்காலைகள் தேவைக்கு மேல் இருக்கின்றன என்ற காரணங்களைக் காட்டி, டிம்மின்ஸிலுள்ள தாமிர ஆலையையும் துத்தநாக ஆலையையும் 2010 மே மாதத்தில் எக்ஸ்ட்ராடா மூடிவிட்டது. அறுநூற்றுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். செறிவாக்கிய தாது க்விபெக் மாகாணத்து ஆலைகளுக்கு ரயிலேறிற்று. க்விபெக்கும் கனடாவிலேயே இருப்பதால் ஒன்டாரியோவின் சட்டம் மீறப்படவில்லை. அச்சட்டத்தால் பிழைக்கவேண்டிய ஊருக்கோ பிரயோஜனமில்லாமற் போயிற்று. சட்டத்தின் எழுத்து பிழைத்து அதன் கருத்து மடிவதைப் பார்க்க விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். விதிவிலக்கு வழங்கும் அதிகாரமும் சர்க்காரிடமே இருக்கிறதென்பதையும் கவனிக்கவேண்டும்.

புகை யாருக்கு?

உருக்காலையை வைத்திருப்பதால் நன்மையே விளையுமென்று நாம் சொல்லவில்லை. டிம்மின்ஸின் தாமிரத் தாது சென்று சேர்ந்த ரூயின்-நொராண்டா நகரத்தின் ஹார்ன் ஆலை 1927 முதல் புகை கக்கிவருகிறது. அந்த ஊரும் பழைய எரிமலைப் பாறைகளிலிருந்த தாமிரத்தால் பிறந்ததே. சுரங்கம் 1976-ல் தீர்ந்தது. ஆலை மட்டும் வெளியூர்த் தாதுவை உருக்கி உயிர்வாழ்கிறது. புகையிலுள்ள பாஷாணம் காற்றில் கன மீட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேற்படலாகாதென்பது க்விபெக்கின் பொது விதி. இந்த ஆலைக்கோ 100 வரையில் அனுமதி இருந்தது. ஜனங்கள் கிளர்ந்தெழுந்த பிறகு, ஐந்தாண்டுக்குள் 15-க்குக் குறைக்கும்படி 2023-ல் சர்க்கார் கட்டளையிட்டது. அதே ஆண்டில் ஆலையை ஒட்டிய சுமார் 200 குடும்பங்களை வேறிடத்தில் குடியேற்றும் திட்டத்தையும் அறிவித்தது. பொது விதிக்கு ஐந்து மடங்கான அளவே அங்கே சீர்திருத்தமென்று கொள்ளப்படுகிறது!

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய விஷயமாக இராது. தூத்துக்குடித் தாமிர ஆலையை எதிர்த்து நடந்த கிளர்ச்சியின்போது 2018 மே மாதத்தில் போலீஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்ததில் 13 பேர் உயிரிழந்ததையும், அந்த ஆலை உடனே மூடப்பட்டதையும், அதை மறுபடியும் திறக்கக் கோரிய மனுவை 2024 பிப்ரவரி 29-ல் சுப்ரீம் கோர்ட்டு நிராகரித்ததையும் நாடறியும். அவ்வாலை மூடியது முதல் சுத்தித் தாமிரத்தில் நமது ஏற்றுமதியைவிட இறக்குமதி அதிகமாயிற்று என்று சிலர் குறை கூறுகின்றனர். இறக்குமதி மிகுந்தது உண்மை. ஆனால் தாமிரம் வேண்டுமென்பதற்காக ஓர் ஊரின் காற்றையும் நீரையும் பலிகொடுக்கவேண்டுமென்பது அதனால் நிரூபணமாகாது. தொழிலும் வேண்டும், உயிரும் வேண்டும் என்று கேட்கிற ஜனங்களைத் தொழிலின் விரோதிகள் என்று தூற்றுவது, தொழிலைச் சரியாக நடத்தத் தெரியாதவர்களின் வாதம்.

பழைய கதை புதிதாக ஆரம்பம்

கனடாவில் இன்று நடப்பவை அத்தேசத்தார் பாடம் கற்றார்களா என்ற ஐயத்தை எழுப்புகின்றன. ஒன்டாரியோவின் வடகோடியில், மக்பால்ட்ஸ் ஏரிக்கருகில் வைரம் தேடித் துளைத்தவர்கள் 2002-ல் எரிமலைப் பாறையிலுள்ள தாமிர-துத்தநாகத் தாதுவைக் கண்டனர். பின்பு அதே பிரதேசத்தில் நிக்கலும் குரோமியமும் கிடைத்தன. அக்கினி வளையமென்று பெயரிடப்பட்ட அந்தப் பிரதேசத்தில் முக்கிய உரிமைகளை வைத்திருந்த நொரான்ட் கம்பெனியை 2022-ல் ஆஸ்திரேலியாவின் வைலூ கம்பெனி வாங்கிற்று. அதுவும் ஒன்பதாம் உடன்படிக்கைக்குட்பட்ட பூமியே.

2025 ஜூனில் ஒன்டாரியோ சட்டசபை ஒரு சட்டம் செய்தது. விசேஷப் பொருளாதாரப் பிரதேசமென்று மந்திரி சபை குறிப்பிடும் இடங்களில், குறிப்பிட்ட வேலைகளுக்கு மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்களிக்க அது அதிகாரம் கொடுக்கிறது. பூர்வ குடிகளின் ஒன்பது சமூகத்தார் அவ்வாண்டு ஜூலையிலேயே அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். வேறு சில சமூகத்தார் மாகாண சர்க்காருடன் உடன்படிக்கை செய்துகொண்டனர். இரு சாராரும் கேட்பது ஒன்றே: தங்கள் நிலத்தைப்பற்றிய முடிவு தங்களைக் கேட்டுச் செய்யப்படவேண்டும். நியாயமான இந்தக் கோரிக்கையை அவசரத்தின் பெயரால் ஒதுக்குகிற சர்க்கார், அவசியமான வேலைக்குத் தானே முட்டுக்கட்டை போட்டுக்கொள்கிறது.

கம்பெனிகளின் விஷயத்திலும் இதே தடுமாற்றம். அத்தியாவசியத் தாதுப்பொருள்களை எடுக்கும் பெரிய கனடாக் கம்பெனிகளை அந்நியர் வாங்குவதற்கு மிக அபூர்வமான சந்தர்ப்பங்களிலேயே அனுமதியுண்டு என்று 2024 ஜூலையில் கனடாவின் தொழில் மந்திரி அறிவித்தார். 2025 செப்டம்பரில் தாமிரமும் துத்தநாகமும் எடுக்கும் டெக் கம்பெனி, லண்டனில் தலைமையகங்கொண்ட ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனியுடன் இணையும் ஏற்பாட்டை வெளியிட்டது. டிசம்பரில் கனடா சர்க்கார் அனுமதி வழங்கிற்று. தலைமையகத்தை வான்கூவருக்குக் கொண்டுவரவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளை ஏற்கச் செய்திருப்பது உண்மையே. 2006-ல் இருந்த நிலையைவிட இது மேல் என்பதையும் ஒப்புக்கொள்ளலாம். ஆயினும் அபூர்வமென்று சொன்ன சந்தர்ப்பம் ஒன்றரை ஆண்டுக்குள் வந்துவிட்டதே!

கோலார் நமக்குச் சொல்வது

இவையெல்லாம் கடல்கடந்த செய்திகளென்று நாம் அலட்சியம் செய்வதற்கில்லை. கோலார் தங்கவயலின் பாறைகளும் ஏறக்குறைய 270 கோடி ஆண்டுப் பழமையுள்ள எரிமலைப் பாறைகளே. கிட் சுரங்கத்துப் பாறைகளுக்கு அவை வயதிலும் பிறப்பிலும் உறவு. அங்கே 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் வரை இறங்கித் தங்கம் எடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து சென்ற தமிழர்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் ஊரில் நிலமும் மதிப்பும் மறுக்கப்பட்ட ஏழை ஜனங்கள். 1880-கள் முதல் ஜான் டெய்லர் கம்பெனியார் எடுத்த தங்கத்தின் லாபம் லண்டனுக்குச் சென்றது. பாறை வெடிப்பும் நுரையீரல் நோயும் தொழிலாளிக்கு மிஞ்சின.

அந்நியக் கம்பெனி போய் 1956-ல் சுரங்கம் மைசூர் சர்க்காரின் கைக்கு வந்தது. பிறகு மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. அப்பொழுதும் தொழிலாளியின் பிள்ளைகளுக்குப் போதிய மாற்றுத் தொழில் அங்கே உண்டாக்கப்படவில்லை. 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு கலந்த மண்மேடுகள் ஊருக்கு நடுவில் நிற்கின்றன. தினந்தோறும் விடியுமுன் எழுந்து பெங்களூருக்கு ரயிலேறிப் பிழைக்கும் நிலைக்கு அவ்வூரார் ஆளானார்கள். ஆகவே, சுரங்கம் ராஜாங்கத்தின் வசமிருந்தால் யாவும் சரியாகிவிடுமென்று எண்ணுவதும் தவறு. டிம்மின்ஸில் தனியார் செய்ததைக் கோலாரில் சர்க்காரே செய்தது. எடுத்துத் தீரும் நாளுக்காகப் போதிய ஏற்பாடு செய்யாமலிருந்ததே இரண்டிடத்திலும் நேர்ந்த பிழை.

ஆனாலும் உடைமை ஒரு பொருட்டன்று என்று சொல்லவும் முடியாது. உடைமை கையிலிருந்தால் பிழையைத் திருத்தும் அதிகாரமாவது பிரஜைகளுக்கு இருக்கிறது. தேர்தலில் கேட்கலாம், சட்டசபையில் கேட்கலாம். அதை விற்றுவிட்டால் கேட்பதற்கும் இடமில்லை. ராஜஸ்தானத்துத் துத்தநாகச் சுரங்கங்களை நடத்த 1966-ல் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் ஜிங்க் கம்பெனியின் சரித்திரம் இதற்குச் சாட்சி. அத்தாதுக்கள் எரிமலைப் பாறையிலன்றிக் கடலடி வண்டலில் பிறந்தவை. ஆனால் உடைமையின் கதை கிட் சுரங்கத்தின் கதையையே ஒத்திருக்கிறது. 2002-ல் கம்பெனியின் 26 வீதப் பங்குகளையும் நிர்வாகத்தையும் சர்க்கார் தனியாருக்கு விற்றது. அடுத்த ஆண்டுக்குள் பெரும்பான்மைப் பங்கு அவர்களைச் சேர்ந்தது. அந்த விற்பனையைப்பற்றி மத்திய புலனாய்வு இலாகா விசாரிக்கவேண்டுமென்று 2021 நவம்பர் 18-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. மிஞ்சிய பங்குகளை விற்கத் தடையில்லையென்றும் அதே தீர்ப்பு கூறிற்று. விற்கலாமென்று கோர்ட்டு சொன்னது, விற்கவேண்டுமென்று சொல்லவில்லை. அதைத் தீர்மானிக்கவேண்டியவர்கள் பிரஜைகளின் பிரதிநிதிகள்.

நாம் கேட்பவை

நமது தேசத்திலும் பூர்வ எரிமலைப் பாறைகள் ஏராளம். குஜராத்துக்கும் ராஜஸ்தானத்துக்கும் இடையே அம்பாஜி, தேரி பகுதியில் துத்தநாகமும் தாமிரமும் ஈயமும் கண்டிருக்கின்றன. கர்நாடகத்தில் சித்ரதுர்க்கத்தை அடுத்த இங்கல்தாளில் தாமிரம் எடுக்கப்பட்டதுண்டு. புது லைசென்ஸ்கள் வழங்கப்பட்டு, ஆழத்தில் துளையிடும்போது இன்னும் பல இடங்களில் தாது தென்படலாம். தென்பட்டபின் சட்டம் செய்வோமென்றிருந்தால், அதற்குள் பங்கு விலை ஏறிவிடும், நிலம் கைமாறிவிடும், உரியவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டும் இருப்பார்கள். ஆகவே மூன்று காரியங்கள் இப்பொழுதே செய்யப்படவேண்டும்.

முதலாவது, சுரங்க உரிமையை ஏலத்திலெடுக்கும் கம்பெனி பிறகு வேறொருவரால் வாங்கப்பட்டால், அந்த உரிமை தானாகவே புது எஜமானரிடம் போய்ச் சேரக்கூடாது. சர்க்கார் அதை மறுபரிசீலனை செய்து, வேண்டுமானால் தானே பங்கு வாங்கும் அதிகாரத்தை ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கவேண்டும். டிம்மின்ஸ் நான்கு முறை கைமாறியபோது ஊராரை ஒருவரும் கேட்கவில்லையென்பதை மறக்கலாகாது.

இரண்டாவது, தாதுவை உள்நாட்டில் உருக்கவேண்டுமென்ற விதியோடு, உருக்காலையைச் சுற்றி வாழ்பவர்களின் காற்றையும் நீரையும் காக்கும் விதியும் ஒருங்கே செல்லவேண்டும். ஆலைக்கென்று தனியாகத் தளர்ந்த அளவுகளை அனுமதிக்கும் வழக்கம் ஒழியவேண்டும். காற்றைச் சோதிக்கும் கருவிகளின் கணக்கு அன்றாடம் ஊராரின் பார்வைக்கு வைக்கப்படவேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. 2015-ன் சட்டப்படி ஒவ்வொரு சுரங்க ஜில்லாவிலும் ஒரு நிதி ஏற்பட்டிருக்கிறது. பழைய உரிமைதாரர்கள் ராயல்டியில் 30 வீதமும், அதன்பின் ஏலத்தில் எடுத்தவர்கள் 10 வீதமும் அதற்குச் செலுத்துகின்றனர். சுரங்க உரிமைகள்மீது வரிவிதிக்கும் அதிகாரம் ராஜ்யங்களுக்கு உண்டென்று 2024 ஜூலை 25-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சும் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே பணத்துக்கு வழியில்லையென்ற சாக்கு இனிச் செல்லாது. இவ்வருமானத்தில் ஒரு பாகத்தைத் தொடாத மூலதனமாகக் கட்டிவைத்து, சுரங்கம் தீரும்வரை அதன் வட்டியைக் கூட முதலோடு சேர்த்துவரவேண்டும். தீர்ந்த பிறகு அவ்வூரின் பள்ளிக்கூடமும், ஆஸ்பத்திரியும், மாற்றுத் தொழிலும் அதிலிருந்து நடக்கவேண்டும். நிலத்தையிழந்த ஆதிவாசிகளுக்கு அந்த நிதியின் நிர்வாகத்தில் பாதி இடமேனும் இருக்கவேண்டும். கூலி கொடுத்தோம், நஷ்டஈடு கொடுத்தோம் என்று கணக்கை முடித்துவிடுவது, வருஷத்துக்கு 4 டாலர் கொடுத்த உடன்படிக்கையையே தமிழில் எழுதுவதாகும்.

பார்லிமெண்டிலும் சட்டசபைகளிலும் சுரங்க ஏலங்களைப்பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் எத்தனை கோடி வருமானம் வந்ததென்று கேட்பது வழக்கமாயிருக்கிறது. இனி ஒவ்வொரு ஏலத்தின்போதும் வேறொரு கணக்கையும் நமது பிரதிநிதிகள் கேட்டு வாங்கவேண்டும்: இச்சுரங்கம் எத்தனை ஆண்டில் தீரும், அதற்குள் எவ்வளவு மூலதனம் சேரும், அன்று அவ்வூரார் எத்தொழிலால் பிழைப்பார்கள்? விடை சொல்ல முடியாத மந்திரியின் ஏலத்துக்குச் சபை சம்மதிக்கலாகாது. தேசீயத் தொண்டர்கள் தங்கள் தங்கள் ஜில்லாவில் சுரங்க நிதியின் கணக்கைப் பார்வையிடுவதை இம்மாதமே தொடங்குவார்களென்று எதிர்பார்க்கிறோம்.